காட்டெருமைக்கு ஒரு லென்ஸ், கன்றுக்கு ஒரு லென்ஸ்

சசிரேகாவும் பாலகுமாரும் கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சண்டை போட்டதில்லை. ஏற்காடு டவுனில் இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துகிறார்கள். புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தார்கள். அதில் எந்த லென்ஸை மாட்டுவது என்பதில்தான் தகராறு.

சசிக்குத் தானாகவே ஃபோகஸ் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்மேல் கண். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி லென்ஸ். சேலத்துக் கடைக்காரர் குழந்தைவேல், "போட்டுப் பாருங்க, பிடிச்சா வெச்சுக்குங்க. இல்லாட்டி ஞாயித்துக்கெழம சாயங்காலம் குடுத்துருங்க" என்று கொடுத்திருந்தார். பாலகுமாரோ பழைய பிலிம் கேமராவின் கனத்த லென்ஸ் ஒன்றை அடாப்டர் போட்டு மாட்டி வைத்துக்கொண்டு, அதுவே போதும் என்றான். அதில் எல்லாமே கையால் திருகித்தான் ஆகவேண்டும்.

"தாலி கட்டற நேரத்துல நீங்க திருகிட்டே நிப்பீங்களா?"

"மெஷின் அது பாக்கறத எடுக்கும் புள்ள. நான் பாக்கறத எடுக்காது."

வாழவந்தியில் அவர்கள் படம் எடுக்க ஒத்துக்கொண்ட ஒரு கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு கட்டிவிடுவது என்று ஸ்கூட்டரில் கரடியூர்ப் பக்கம் கிளம்பினார்கள்.

பாதி வழியில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிட்டது. ஒரு வளைவு திரும்பியதும் பாலகுமார் சட்டென்று பிரேக் பிடித்தான்.

ரோட்டோரம் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு காட்டெருமை நின்றது. இரண்டு பஸ் நீளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அதன் மூச்சுச் சத்தம் கேட்டது. பாலகுமார் இன்ஜினை அணைத்து, வண்டியைப் பின்னால் உருட்டி ரோட்டோரத் தடுப்புச்சுவர் மறைவில் நிறுத்தினான். சசி சுவர்மேல் முழங்கையை ஊன்றிக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். குட்டி லென்ஸ் மாட்டியிருந்தது.

லென்ஸ் திணறியது. மஞ்சில் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னே போனது, பின்னே வந்தது. கடைசியில் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த காப்பி இலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இலை நரம்பு தெரிந்தது. காட்டெருமை வெறும் கறுப்புப் புகையாக நின்றது.

"இலையவே புடிக்குதுங்க" என்றாள் தொண்டைக்குள்.

பாலகுமார் ஜெர்க்கின் பையிலிருந்து பழைய லென்ஸை எடுத்து நீட்டினான். சசி அதை மாற்றி மாட்டினாள். கனமான வளையத்தை மெல்லத் திருகினாள். ஃபோகஸ் விழுகிற இடத்தில் சிவப்பாக மினுங்கும்படி கேமராவில் வைத்திருந்தாள். அந்த மினுக்கம் இலையில் தெரிந்தது, மரப்பட்டைக்கு நகர்ந்தது, அதையும் கடந்து கொம்பில் போய் ஏறியது. காட்டெருமையின் நெற்றியில் நீர்முத்துகள். மூக்கிலிருந்து புகையும் ஆவி. அவள் ஷட்டரை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்து மஞ்சை விலக்கியது. தாய்க்குப் பின்னால் செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று. வாலைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து ரோட்டில் குதித்தது, சுற்றி வந்தது, மறுபடி துள்ளியது. சசி திருகினாள், திருகினாள்; கன்று அதற்குள் வேறு இடத்தில் இருந்தது. தாய் நிதானமாக ரோட்டைக் கடக்க, கன்றும் பின்னாலேயே ஓடி இரண்டும் சரிவில் மறைந்தன.

இருவரும் தலையை முட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். தாயின் படத்தைச் சசி பெரிதாக்கிப் பார்த்தாள். இப்படி ஒரு படம் அவள் எடுத்ததே இல்லை. கன்று ஒரு படத்தில்கூடத் தெளிவாக இல்லை. எல்லாம் செம்பட்டைக் கோடுகள்.

"ஏனுங்க, இந்தப் பழசு நம்மகிட்டயே இருக்கட்டுங்க. நொம்ப நல்லா இருக்குதுங்க."

அதே நேரத்தில் பாலகுமார், "அந்தக் குட்டி லென்ஸ் இருந்திருந்தா கன்னுக்குட்டி படத்துல உழுந்திருக்கும் புள்ள. குழந்தைவேலு அண்ணன்கிட்ட அதத் திருப்பிக் குடுக்க வேண்டாம்" என்றான்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சசிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தின ராத்திரி சோறு ஆறிப்போகிற அளவுக்கு அவரவர் எதிர்த்துப் பேசிய லென்ஸுக்கே இப்போது பரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்தே அவள் சேலத்துக்குப் போன் போட்டு, லென்ஸை வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

எஸ்டேட் ஜீப் ஓட்டும் தேவசிகாமணி அந்த வழியாக வந்து வண்டியை நிறுத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னதில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தைக் காட்டியதும் கண்ணைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "எனக்கு அனுப்பி உடுங்க சாமி" என்றார்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் ஏற்காட்டில் பாதிப் பேர் போனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வாழவந்திக் கல்யாணப் பெண் ஐஸ்வர்யாவே கூப்பிட்டாள்.

"அக்கா, என்னையும் அதே மாதிரி மஞ்சுல நிக்க வெச்சு எடுப்பீங்களா?"

"எடுக்கறேன் கண்ணு. ஆனா நீ அசையாம நிக்கோணும்" என்றாள் சசி.