மடக்கினால் மழுங்கும் கத்தி

1

இந்தக் கதை இன்று காலை எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் பிறந்தது. இதற்கு முன் நான் எழுதியவற்றிலேயே நீளமானது, குழாய் ஒழுகுவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம்தான். ஆகவே வாசிக்கிறவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தொடக்கம்: ‘வெள்ளியை உருக்கி வார்த்தது போன்ற அந்த அலகின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை...’

அடச்சே. விரல் நீளம்கூட இல்லாத மடக்குக் கத்திக்கு எதற்கு இவ்வளவு ஜோடனை?

இரண்டாம் தொடக்கம்: ‘அவர் நல்ல மனிதர்.’ இப்படி ஆரம்பித்தால் அந்த ஆள் ஏதோ தப்புச் செய்திருக்கிறான் என்று உடனே தெரிந்துவிடும். வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம்: ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் தன் மனைவியின் கத்தியைத் தீட்டித் தருவார்.

இது போதும்.

2

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். (முதலில் தபால்காரராக எழுதிப் பார்த்தேன். ஆனால் தபால்காரர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்.) மனைவி ஒரு நர்சரியில் ரோஜாச் செடிகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவள். ஒரு செடியின் தண்டைச் சாய்வாகச் சீவி, இன்னொரு செடியின் குச்சியை அதில் பொருத்திக் கட்டுவது அவள் வேலை. சீவல் ஒரே இழுப்பில் வழவழவென்று வர வேண்டும். பிசிறினால் ஒட்டுப் பிடிக்காது, குச்சி கறுத்துவிடும்.

மேடையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் சாணைக்கல்லை வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அலகைச் சாய்த்துத் தள்ளுவார். சர்க், சர்க் என்கிற அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு வாரத்துக் களைப்பும் இறங்கிவிடும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. பிறகு காகிதம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வெட்டிக் காட்டுவார்.

“பாத்தியா? சத்தமே வரல.”

“பாத்தேன், பாத்தேன். முதல்ல மேடையத் துடைங்க. அப்புறமா பெருமை அடிச்சுக்கலாம்.”

அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்று இங்கே நேராகவே எழுதிவிடுகிறேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

3

மூன்று மாதமாக அவள் கட்டும் ஒட்டுகள் பிடிக்கவில்லை. நூறு கட்டினால் தொண்ணூறு துளிர்த்த இடத்தில் இப்போது முப்பது துளிர்த்தாலே பெரிய விஷயம்.

“திங்கக்கிழமை காலைல முதல் பத்துச் செடி நல்லா வருதுங்க. அப்புறம் சீவலே சரியா வரமாட்டேங்குது. கத்தி ஒருவேளை...”

“கத்தியச் சொல்லாத. கத்தி சரியில்லன்னா முதல் பத்து எப்படி நல்லா வரும்? உன் கையைத்தான் பாக்கணும்.”

(இந்த வரியை மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். அவர் அப்படித்தான் சொன்னார்.)

அன்று மாலை ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைப் பார்த்தும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேற்று அவள் சொன்னாள்: “திங்கக்கிழமை போனதும் மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிடப் போறேன். என்னைத் தொட்டில மண் நிரப்புற பக்கம் மாத்திடட்டும்.”

பதினொரு வருஷமாக ஒட்டுக் கட்டுகிறவள்.

4

இன்று காலை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் வழக்கம்போலத் தீட்டினார், காகிதத்தை வெட்டிப் பார்த்தார். திருப்தி. கேட்க ஆளில்லாததால் கத்தியைச் சும்மா மடக்குவதும் விரிப்பதுமாக டக், டக் என்று விளையாடிக்கொண்டே வானொலி கேட்டார். பிறகு ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அதன் தோலில் கத்தியை வைத்தார். நடுவில் ஒரு இடத்தில் வழுக்கியது.

ஐந்து நிமிஷத்துக்கு முன் தீட்டிய கத்தி!

உருப்பெருக்கியில் பார்த்தார். கூரின் நடுவில் ஒரு சின்ன நசுங்கல். கைப்பிடிக்குள் இருக்கும் இரும்புத் தகட்டில் பேனா மசியைத் தடவி, மடக்கி விரித்தார். நசுங்கிய இடத்தில் மசி ஒட்டியிருந்தது.

மடக்குக் கத்தியின் அலகில், கூர் ஆரம்பிப்பதற்கு முன்னால் பாதிப் பட்டாணி அளவுக்கு ஒரு முட்டு இருக்கும். மடக்கும்போது அதுதான் உள்தகட்டில் உட்காரும். கூர் எதிலும் படாது. ஆனால் லென்ஸ் தேய்க்கிறவர் கண்ணுக்கு, தேய்க்காமல் விட்ட இடம் என்றால் அரைகுறை வேலை. வாரா வாரம் அதையும் சேர்த்து அழகாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டார். அவள் பத்திரம் கருதி ஒவ்வொரு செடிக்கும் பிறகு கத்தியை மடக்குகிறவள். மடக்கிய ஒவ்வொரு தடவையும் கூர் இரும்பில் இடித்திருக்கிறது.*

5

முடிவு ஒன்று: அவர் கத்தியைச் சரிசெய்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவளும் போனதும் போகாததுமாக மேற்பார்வையாளரிடம் சொல்லி, மண் நிரப்பப் போய்விட்டாள். இது வேண்டாம்.

முடிவு இரண்டு: “மட்டமான கத்தி, கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று சொல்லிப் புதுசு வாங்கிக் கொடுத்தார். சாமர்த்தியமான முடிவுதான். ஆனால் கூசுகிறது.

முடிவு மூன்று: மாலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் அவளிடம் போய்,

போய் என்ன சொன்னார்? நாலு தாளைக் கிழித்தாகிவிட்டது. எனக்கு நானே ‘அவர்’ என்று மரியாதை கொடுத்துக்கொண்டால் எப்படி வரும்? அந்த ஆள் நான்தான். வாசிக்கிறவர் என்று இதுவரை நான் சொல்லிவந்தது உன்னைத்தான். வேறு யாருக்காகவும் இதை எழுதவில்லை.

உன் கைக்கு ஒன்றுமே இல்லை. பதினொரு வருஷமாக எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கத்தி என்று நீ சரியாகத்தான் ஆரம்பித்தாய். உன் வாயை அடைத்தது நான். நாளைக்கு மேற்பார்வையாளரிடம் எதுவும் சொல்லாதே.

இதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். டீ போட வரும்போது கண்ணில் படும். மூன்றாம் முடிவில் நீ பேச வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நான் ஓடிப்போகவில்லை, மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் கூப்பிடு, வருகிறேன்.

___

* என் மூக்குக்கண்ணாடி உறையிலிருந்து ஒரு தோல் துண்டை நறுக்கிக் கைப்பிடிக்குள் ஒட்டி, கூரைப் புதிதாகத் தீட்டியிருக்கிறேன். முப்பது தடவை மடக்கி விரித்துவிட்டுக் காகிதத்தை வெட்டிப் பார்த்தேன். பிசிறவில்லை. ஆனாலும் என் பேச்சை நம்பாதே, நீயே வெட்டிப் பார்.