தூரத்து எண்ணெய்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பொய்பிடிச்சி. புட்டியில் ஒட்டியிருக்கும் ஊர் ஒன்று, உள்ளே இருக்கும் ஆலிவ் எண்ணெயின் ஊர் வேறு என்றால் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். மரம் தான் நின்ற இடத்து மழையைத்தானே குடிக்கும்? கடலோரத்து மழையில் கனமான அணு சற்று அதிகம். மலையேற ஏற அது குறையும். அந்தச் செய்தி மரத்திலிருந்து காய்க்குப் போகும், காயிலிருந்து எண்ணெய்க்குப் போகும். ஒரு சொட்டை எரித்து, வருகிற வாயுவைக் கருவிக்குள் விட்டால் எண் வந்து விழும். "லேபிள் பொய் சொல்லும், மரம் சொல்லாது" என்பாள். மனிதர்களைப் பற்றி அவள் எந்த உறுதியும் கொடுத்ததில்லை.

கொடுக்கும் அளவுக்கு அவளைச் சுற்றி மனிதர்களும் இல்லை. ஐம்பத்திரண்டு வயது, தனி வீடு. வார நாட்களை எப்படியோ தள்ளிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைதான் எமன். குடும்பம் குடும்பமாகத் தெருவில் போகிறவர்களைப் பார்க்கப் பிடிக்காது. அதனால் அன்று முழுக்கத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பாள். அக்கம்பக்கத்துப் பேச்சு என்றால் எதிர்க்கடைத் தையல்காரரின் புலம்பல் மட்டும்தான். "ஞாயித்துக்கிழமை கடை லீவுன்னா போதும், யாரோ என் படியில வந்து உக்காந்துக்கறாங்கம்மா. பஸ் டிக்கெட்டை மடிச்சு மடிச்சுப் போட்டுட்டுப் போறாங்க. திங்கட்கிழமை பெருக்கறது நான்!" அவள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. கடல் தாண்டி ஆலிவ் தோட்டத்தில் வேலைக்குப் போனவன். அம்மா இறந்த நான்காம் நாள்தான் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். ஏன் தாமதம், விமானம் கிடைக்கவில்லையா, சம்பளம் தரவில்லையா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றாள். அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டான். பதினோரு வருடம் ஆகிறது. கோபத்தில் சொன்ன சொல்லுக்குக் காலாவதித் தேதி உண்டு என்று அவள் நினைத்தாள். தேதியை அவனிடம் யார் சொல்வது என்றுதான் நினைக்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு புட்டி எண்ணெய் மட்டும் வந்தது. துறைமுகத்தில் எடுத்து வந்ததாகச் சொல்லி ஒரு லாரிக்காரர் கொடுத்துவிட்டுப் போவார். கூடவே எட்டாக மடித்த துண்டுச்சீட்டு: 'எங்க தோட்டத்து எண்ணெய், அக்கா. ரொம்ப தூரம். லீவு கிடைச்சா வரேன்.' வீம்பில் அவள் ஒன்றையும் திறக்கவில்லை. பாசத்தில் ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. பதினொன்றும் சமையலறை அலமாரியின் அடித்தட்டில் இருந்தன.

இந்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் எண்ணெய்களுக்கு ஒரு வரைபடம் தயாரித்தார்கள். எந்த ஊர் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த எண்ணெய் இருந்தால் கொண்டுவரலாம் என்றார் மேலாளர். தம்பியின் கடைசிப் புட்டியை அவள் எடுத்துப் போனாள். அதன் ஊரைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"என்னம்மா, பொய்பிடிச்சி வீட்டுலயே பொய்யா?" மேலாளர் தாளை நீட்டிச் சிரித்தார். "கடல் தாண்டி வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. இது நம்ம மலைச்சரிவு ஆலிவ் தோட்டத்து எண்ணெய். பஸ்ல போனா ரெண்டு மணி நேரம்."

அவள் சிரிக்கவில்லை. மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று முறையும் அதே எண். மறுநாள் மீதிப் பத்துப் புட்டிகளையும் பையில் அடுக்கிக் கொண்டுவந்தாள். பழைய எண்ணெய் சிக்கு நாற்றம் அடித்தது. ஆனால் எண்ணெய்தான் கெடும், அதிலிருக்கும் ஊர் கெடாது. முதல் இரண்டு புட்டிகள் உண்மையாகவே கடல் தாண்டியவை. மூன்றாவதிலிருந்து எல்லாம் மலைச்சரிவு. ஒன்பது வருடமாக இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு தூரம், தூரம் என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் இருந்தும் பார்க்கப் பிடிக்காத அளவுக்கு நான் அவ்வளவு பொல்லாதவளா என்று கழிவறைக்குள் போய் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினாள். வாயில் வந்ததைக் கேட்டுவிடுவது, இல்லையென்றால் காலில் விழுந்துவிடுவது. இரண்டில் எது என்று மலை ஏறும்வரை தீர்மானமாகவில்லை.

அந்தச் சரிவில் ஒரே ஒரு எண்ணெய் ஆலைதான். ஆலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தம்பியின் அடையாளத்தைச் சொல்லி, தான் அவன் அக்கா என்றாள்.

"அட, நீங்களா அந்த அக்கா! அவன் உங்க வீட்டுக்குத்தானேம்மா போயிருக்கான்?"

"எங்க வீட்டுக்கா?"

"ஞாயித்துக்கிழமைன்னா சட்டைக்கு இஸ்திரி போட்டு மொத பஸ்ஸைப் பிடிச்சிடுவானே. ஒன்பது வருஷமா ஒரு வாரம் தவறினதில்ல. அக்கா கைச் சாப்பாடு இல்லாம உனக்கு வாரம் ஓடாதாடான்னு நானே கிண்டல் பண்ணுவேன். பேசிக்கிட்டே இருந்தோம், நேரம் போனதே தெரியலைம்பான்." ஆலைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆனா திரும்பி வரும்போது கொலைப்பசியோட வருவான். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

அவளுக்குப் புரிந்தது. தையல்காரரின் படி, பஸ் டிக்கெட், எட்டு மடிப்பு. ஒரு சொட்டு எண்ணெயில் ஊரையே படிக்கிறவளுக்கு எதிர்வாசலில் கிடந்த காகிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. என் வாசப்படியை மிதிக்காதே என்றாள். அவன் மிதிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த நேரம் அங்கே உட்கார்ந்து சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

"வருவான்," என்றாள். "வாரா வாரம் வருவான். நான் சமையல்ல சுமார்தான், அதான் சரியா சாப்பிடறதில்ல."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொய்பிடிச்சி சொன்ன முதல் பொய் அது.

"இப்ப பஸ் ஏறினா வழியில மாறிப் போயிடுவீங்க. சாயங்கால பஸ்ல வந்துடுவான், இருங்க." ஆலைக்குப் பின்னால் தம்பியின் அறையைக் காட்டினார். "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. உள்ள போய் உக்காருங்கம்மா."

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசப்படிக்குக் கீழே வெறும் மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, ஏம்மா வெளியில? உங்க தம்பி ரூம்தானே?"

"இருக்கட்டும்ங்க," என்றாள். "அவன் வந்து உள்ள கூப்பிடட்டும்."