வெளுத்த சீட்டுகள்

"இது?" என்று பதினேழாவது பாட்டிலை அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள் மகள்.

மூக்குக் குழாயோடு அப்பா சிரித்தார். "இறகு நட்சத்திரம். வடக்குப் பாறை, நாலு ஆள் ஆழம். இத எடுக்கப் போனப்ப ஒரு மீனு என் காதக் கவ்விடுச்சு. யானை சைஸு."

"போன தடவ மாடு சைஸுன்னீங்க."

"இத்தன வருஷத்துல வளந்திருக்காதா?"

அவள் சிரித்துக்கொண்டே ஒரு புதுச் சீட்டில் பென்சிலால் எழுதினாள். "எந்த வருஷம்ப்பா?"

"உங்கம்மா என்னைத் திட்டின வருஷம்."

"அது எல்லா வருஷமும்தானே!"

அந்த வீட்டில் ஆட்கள் மூன்று பேர், பாட்டில்கள் இருநூற்றுப் பதினான்கு. அலமாரியில் புடவைக்கு இடமில்லை. கடல் அட்டைகளுக்கு உண்டு. கடலைப் பிடித்து ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுவிட்டு, மிச்சம் மீதியைத்தான் ஊருக்கு விட்டு வைத்திருக்கிறார் என்பாள் அம்மா. அது ஒருநாள் உண்மையாகிவிட்டது. துறைமுகத்துக்காக மண்ணைக் கொட்டிப் பாறைகளை மூடிவிட்டார்கள். அங்கே வாழ்ந்த கடல் நட்சத்திரங்களும் கடல் முள்ளெலிகளும் இந்தப் பாட்டில்களில்தான் மிச்சம்.

எது எங்கே, எப்போது கிடைத்தது என்று உள்ளே ஒரு சீட்டு இருக்கும். சீட்டு போனால் அது வெறும் ஊறிய பிராணி.

போன வருடம் அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், பழுத்த சீட்டுகளைப் புதிதாக எழுதச் சொன்னார் அவளிடம். "பென்சில்ல எழுதும்மா, அதான் ஸ்பிரிட்ல நிக்கும்" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பென்சில் மழுங்கிக்கொண்டே இருந்தது. அவளிடம் அழகான ஜெல் பேனா ஒன்று இருந்தது. அதிலேயே எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டு, பழையவற்றைக் கிழித்துப் போட்டாள்.

பாட்டில்களை எடுத்துப்போக அருங்காட்சியக அதிகாரி வருகிறாரென்று முந்தாநாள் பாட்டில்களைத் துடைத்தபோதுதான் பார்த்தாள். எல்லாச் சீட்டும் வெள்ளை. ஸ்பிரிட் லேசாக நீலம் பாரித்திருந்தது.

மருத்துவர் இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தார்.

"இத்தன வருஷமா ஒண்ணொண்ணாக் கேட்டு எழுதாதவ, இப்ப என்னடி திடீர்னு?" அப்பாவின் முகமெல்லாம் பூரிப்பு. "எல்லாம் சீட்டுல இருக்குமே. உன் கையெழுத்துக்கே அங்க வேல போட்டுக் குடுப்பான் பாரு!"

வெள்ளைச் சீட்டு உள்ளங்கைப் பக்கம் வருமாறு பாட்டிலைத் திருப்பிக்கொண்டாள். "உங்க வாயால கேக்கணும்ப்பா."

மதியத்துக்குள் நாற்பத்தொன்று ஆயிற்று. அதன்பின் எதைக் காட்டினாலும் வடக்குப் பாறை என்றார். அதை அவள் எழுதவில்லை. நாற்பத்திரண்டாவதையே மறுபடி எடுத்தாள்.

"நல்லாப் பாருங்கப்பா. கை அஞ்சும் ஒடிஞ்சு ஒடிஞ்சு இருக்கு. இது எங்க?"

அப்பா பாட்டிலையே பார்த்தார். உதடு பிரிந்தது. அவள் பென்சிலோடு குனிந்தாள்.

"எங்கப்பா? சொல்லுங்க. எங்க?"

அம்மா வந்து அவள் தோளைத் தொட்டாள். "யாரடி கேக்கிற? அவர் போயிட்டாருடி."

மாலையில் அதிகாரி வந்தார். உடலருகே சற்று நின்றார். பிறகு ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"பென்சில்ல எழுதின அந்த நாப்பத்தொண்ண மட்டும் எடுத்துக்கறேம்மா."

"மத்தது?"

"வீட்லயே இருக்கட்டும்."

அவர் போனபிறகு, அப்பாவின் கட்டிலோரம் நின்றிருந்த நாற்பத்திரண்டாவது பாட்டிலை எடுத்து மூடியை இறுக்கினாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் இறுக்கினாள்.