வென்லாவுக்கு ஒரு ரைஃபிள்

வென்லா எங்கள் ஊருக்கு மாட்டு டாக்டராக வந்த இரண்டாவது வருஷம் வேட்டை உரிமம் வாங்கினாள். முப்பத்தொரு வயது, தனி ஆள். மூஸ் என்கிற பெரிய காட்டுமானை வேட்டையாடும் எங்கள் ஊர்க் குழுவுக்கு என் புருஷன் ஆர்வோதான் தலைவன். அதனால் எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று அவனிடம்தான் கேட்டாள். கேட்ட அன்றைக்கே அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் கயானி டவுனுக்குப் போனோம். எனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்லித் தொற்றிக்கொண்டேன். பூட்ஸ் வீட்டில் இரண்டு ஜோடி இருந்தன.

கடையில் ஆர்வோ முதலில் வால்நட் மரத்தில் பின்கட்டை போட்ட ரைஃபிளை அவள் கையில் கொடுத்தான். உடனே அவனே அதைத் திரும்ப வாங்கி வைத்தான். மரம் மழையில் ஊறினால் குறி தள்ளிப்போகும், தொழுவத்துக்கும் காட்டுக்கும் ஒரே காரில் அலைகிறவளுக்குப் பிளாஸ்டிக் கட்டைதான் சரி என்றான். குளிரில் கன்னத்தில் சில்லென்று ஒட்டும், கிளை உரசினால் சத்தம் போடும் என்று அதன் குறையையும் மறைக்காமல் சொன்னான். பிறகு அவள் முழங்கையை மடக்கச் சொன்னான். கட்டையின் பின்பக்கத்தை மடிப்பில் வைத்து, சுட்டுவிரல் விசைக்கு எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தான்.

"இன்னும் ஒரு சென்டிமீட்டர் கம்மி பண்ணணும். தடிக் கோட்டு போட்டா இதுவே நீளமாயிடும்" என்றான் கடைக்காரரிடம். கடைக்காரர் கட்டையின் பின்முனையிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றினார்.

"இப்போ கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல வை. கண்ணைத் தொற. தொலைநோக்கியில வட்டம் முழுசாத் தெரியுதா?"

தெரியவில்லை. கட்டையில் கன்னம் பதியும் மேட்டை ஆர்வோ ஒரு திருகு உயர்த்தினான். உயர்த்தும்போது அவன் விரல் அவள் தாடையில் பட்டது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. நான் பூட்ஸ் அடுக்கின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ரைஃபிள் ஆர்வோவின் செத்துப்போன அப்பாவுடையது. அவர் ஆறடிக்கு மேல், கட்டையும் அவர் கைக்கு அளந்தது. நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். பத்தொன்பது வருஷமாகக் கழுத்தை நீட்டி நீட்டித்தான் சுடுகிறேன். அக்டோபர் வந்தால் தோள் கன்றிப்போகும். முதல் வருஷம் ஆர்வோவிடம் காட்டினபோது பழகிவிடும் என்றான். பழகித்தான் போனது.

கடைசியாக மேகசின், தோட்டா அடைக்கிற பெட்டி. அடியில் மூடியைத் திறந்து தோட்டா போடுகிற வகை ஒன்று, தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை ஒன்று. காரில் ஏறும்போதெல்லாம் தோட்டாவை எடுத்தாக வேண்டும், கையுறையோடு ஒவ்வொன்றாக நோண்ட முடியாது, அதனால் கழற்றுகிற வகையே வாங்கு என்றான். அதிலும் வெளியே துருத்தாமல் கட்டையோடு சமமாக நிற்கிற மூன்று தோட்டா மேகசினைத் தேர்ந்தெடுத்தான். நடக்கும்போது கை பிடிக்கும் இடம் அதுதானாம்.

"மாட்டினதும் சத்தம் கேக்கணும். கேட்டாலும் கீழ இழுத்துப் பாத்துடு" என்றான். அவள் மூன்று தடவை மாட்டிக் கழற்றிக் காட்டினாள்.

வென்லாவை இறக்கிவிட்ட பிறகு, என் கையை நீ ஒருநாளும் அளந்து பார்த்ததில்லையே என்றேன்.

"நீ கேக்கவே இல்லையே, ஹில்க்கா" என்றான்.

உண்மைதான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, சதுப்பு ஓரத்தில் எப்போதும் நான் நிற்கும் இடத்தை ஆர்வோ வென்லாவுக்குக் கொடுத்தான். புது ஆளுக்குத் திறந்த வெளி சுலபம் என்றான். எனக்கு மேட்டுப்பக்கம். பாதி வழி இரண்டு பேரும் ஒன்றாக நடந்தோம். பிரியும் இடத்தில் அவள் ஈரக் கையுறையோடு மேகசினை மாட்டி, போல்ட்டைத் தள்ளி ஒரு தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே பேசினாள்.

"ஆர்வோ எவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுக்கறார். நீங்க குடுத்து வெச்சவங்க."

மேகசின் சரியாக உட்காரவில்லை. முன்பக்கம் ஒரு நகம் அளவு தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

ஒரு மணி நேரத்தில் குழுவின் வேட்டை நாய் குரைத்தது. ஒரு வெடி கேட்டது. அடுத்தது வரவில்லை. வாக்கி-டாக்கியில் வென்லாவின் குரல் உடைந்து வந்தது: சுட்ட அதிர்வில் மேகசின் கழன்று பனியில் விழுந்துவிட்டது, இளம் ஆண் மூஸ் ஒன்று பின்காலில் அடிபட்டு ஓடுகிறது. நாயும் ஆட்களும் இரண்டு மணி நேரம் ரத்தத் தடத்தைத் தொடர்ந்தார்கள். கடைசியில் அது என் மேட்டுக்குத்தான் வந்தது. மூன்று காலில், தலை தொங்க, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தது. கழுத்தை நீட்டிச் சுட்டேன். விழுந்தது.

நெருப்பைச் சுற்றி எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வென்லா எழுந்து நின்று, சொல்லிக்கொடுத்தும் இழுத்துப் பார்க்கவில்லை, முழுத் தப்பும் என்னுடையது என்றாள். யாருக்கும் நடக்கும் என்று ஆர்வோ தேற்றினான். இப்படி ஒரு நாளுக்குத்தான் நான் ஒரு மாதமாக மனசுக்குள் ஆசைப்பட்டிருந்தேன். கையில் இருந்த தொத்திறைச்சியை நாய் முன்னால் போட்டேன்.

"அது தொங்கறதை நான் பாத்தேன். வேணும்னே சொல்லலை" என்றேன்.

வென்லா என்னை நேராகப் பார்த்தாள்.

"எம்மேல என்ன கோவம் வேணா இருக்கட்டும். அந்த மிருகம் உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

இந்த வருஷம் முடியும்வரை நீ வேட்டைக்கு வர வேண்டாம் என்று ஆர்வோ எல்லோர் முன்னாலும் சொன்னான். தலைவனாகச் சொன்னான். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டினான். அவளிடம் எனக்கு ஒன்றுமில்லை என்றான். தெரியும் என்றேன்.

"பின்ன எதுக்குடி?"

"அவளுக்குன்னா குனிஞ்சு அளந்து பாத்தே. எனக்குப் பழகிடும்னே."

அவன் எழுந்துபோய் அடுப்புக்கு விறகு வைத்தான்.

நவம்பர் கடைசியில் வேட்டைப் பங்கு இறைச்சியை வீடு வீடாகக் கொண்டுபோகிற முறை வென்லாவுக்கு வந்தது. பெட்டியை வாசலில் வைத்தாள். காபி போட்டிருக்கிறேன், உள்ளே வா என்றேன். ஒரு பண்ணையில் மாடு கன்று ஈன முடியாமல் கிடக்கிறது, போக வேண்டும் என்றாள். காரில் ஏறினவள் கண்ணாடியை இறக்கி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள்.

மரியாதைக்குச் சொன்னாளா, மனசோடு சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.