கழற்ற முடியாத ஜன்னல்

டீச்சரின் அப்பா நாற்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது ஞாபகம் நிற்பதில்லை; மகள் பெயரே சில நாள் வராது. கை மட்டும் தொழிலை மறக்கவில்லை. எங்கே ஸ்க்ரூ கண்ணில் பட்டாலும் கழற்றிவிடுவார். ஸ்பேனரை ஒளித்துவைத்தால் கரண்டிக் காம்பு, அதையும் பிடுங்கினால் சட்டைப் பையிலிருக்கும் சில்லறைக் காசு. கதவுக் கைப்பிடி, நாற்காலிக் கால், மிக்ஸியின் அடிப்பாகம் என்று வீட்டில் எதுவும் தப்பவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாடி அறை ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்திருந்த, ஸ்க்ரூ போட்ட மெல்லிய மரப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கண்ணாடி அறைக்குள் சரிந்து காலடியில் நொறுங்கியது. செருப்புப் போட்டிருந்ததால் பிழைத்தார்.

ஜன்னலைச் சரிசெய்ய முதலில் வந்த ஆள் இரும்புக் கம்பி அடிக்கலாம் என்றான். அதையும் அவர் கழற்றுவார் என்று டீச்சர் சொன்னதும், அப்படியானால் அறையைப் பூட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்து வந்தவள் மில்லி. கண்ணாடிப் பட்டறை சொந்தமாக நடத்துகிறவள். எந்த அளவையும் மில்லிமீட்டரில்தான் சொல்வாள் என்பதால் ஊரே வைத்த பெயர். ஜன்னலை அளந்தாள், பெரியவரின் கைகளைக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"அவரைத் தடுக்க முடியாது டீச்சர். கழட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாம மாட்டிடுறேன்."

"ஆணி, ஸ்க்ரூ, பட்டை எதுவும் இல்லாம கண்ணாடி எதுல நிக்கும்?"

"மரத்துக்குள்ள நிக்கும்."

வீட்டின் நான்கு ஜன்னலுக்கும் புதுச் சட்டம் செய்து, அடுத்த வாரம் சுவரில் பதித்துப் பூசிவிட்டுப் போனாள். பூச்சு காய்ந்ததும் கண்ணாடியோடு வந்தாள். சட்டத்தின் மேல்கட்டையில் இருபது மில்லி ஆழத்துக்கு ஒரு நீளப் பள்ளம். கீழ்க்கட்டையில் எட்டே மில்லி. முதலில் மாடி அறை. கண்ணாடியை மேலே முழுக்கச் செருகி, நேராக்கி, கீழே இறக்கினாள். மெல்லிய ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. மேலே இன்னும் பன்னிரண்டு மில்லி மரத்துக்குள்ளேயே இருந்தது. டீச்சர் விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடியும் மரமும் தவிர எதுவும் இல்லை.

சிலிகான் பசையை எடுத்துவர மில்லி வண்டிக்குப் போனாள். டீச்சரும் கூடவே இறங்கினாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது ஜன்னல் வெறுமையாக இருந்தது.

கண்ணாடி சுவரோரம் சாய்ந்து நின்றது. அடியில் மடித்த துண்டு. பெரியவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"மேல தூக்கி கீழ இழுத்தா வந்துடுது. வேலை அரைகுறை," என்றார்.

டீச்சர் ஓடிப்போய் அப்பாவின் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். மில்லிக்கோ சிரிப்பு வந்தது. பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள்கூட அவளிடம் சூட்சுமத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தார், ஒரு கீறல்கூட இல்லாமல்.

வேலை இன்னும் முடியவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டாள். கீழ்ப் பள்ளத்தில் பசை போட்டால் தூக்க வராது. ஆனால் அது பிடிக்க ஒரு ராத்திரி ஆகும், அதுவரை யாரும் தொடக்கூடாது. சொல்லிக்கொண்டே பள்ளத்தில் பசையைக் கோடாக இழுத்தாள். கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். இருவருமாக ஏற்றி இறக்கினார்கள்.

"பார்த்துக்கிற பொறுப்பு உங்களுதுங்கய்யா," என்றாள்.

பூனையையே பாலுக்குக் காவல் வைப்பதா என்று டீச்சர் வாசலில் கேட்டாள். தூக்கத் தெரிந்தவருக்குத்தான் தூக்கக்கூடாதது எது என்றும் தெரியும் என்றாள் மில்லி.

மறுநாள் காலை டீச்சர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அப்பா ஜன்னல் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் சாப்பிட்டாராம். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று மூன்று தடவை மறந்தாராம். காய்கிறது என்று சொன்னதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாராம். திரைச்சீலையைத் தொட்டதற்கு மகளுக்குத் திட்டுகூட விழுந்திருந்தது.

மில்லி இரண்டு உள்ளங்கையையும் பதித்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு பெரியவருக்கு வழிவிட்டாள். அவர் மூலைக்கு மூலை தட்டினார். ஓரமெல்லாம் நகத்தாலும் சில்லறைக் காசாலும் துழாவினார். முந்தின நாள் செய்தபடியே தூக்கிப் பார்த்தார். கால்மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யார் மாட்டினது?"

"மில்லியும் நீங்களும்தான்பா," என்றாள் டீச்சர்.

"நானா? அப்படின்னா சரியாத்தான் இருக்கும்."

இன்னும் மூன்று ஜன்னல் பாக்கி. அடுத்த அறையில் மில்லி கண்ணாடியை நிமிர்த்தித் திரும்பியபோது, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு எதிர்முனையைப் பிடித்திருந்தார்.

"தூக்கும்மா," என்றார்.