துண்டுக்குள் ஆறு பேர்

சின்னதுரைக்குக் கையெழுத்துப் போடுவதே பெரும்பாடு. ஆனால் ஸ்பெயின் தேசத்து பாஷையில் ஒரே ஒரு வினைச்சொல்லை ஆறு பேருக்கும் நாலு காலத்துக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நாற்பது வருடமாக மாட்டுத் தரகு பார்க்கிறவருக்கு இந்தச் சரக்கு எதற்கு என்று சந்தையில் கேட்காதவர்கள் பாக்கியில்லை.

"எம்பொண்ணு அந்த ஊருக்குப் போவுது. அனுப்பி வைக்கிறவன் ரெண்டு வார்த்த தெரிஞ்சிக்க வாணாமா?" என்பார்.

மகள் ஜெயசுதா நர்ஸ். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை சிவசங்கர் வாயால் பேசுகிற ஆளில்லை. அவன் ஒருநாள் பேசியதில் ஜெயசுதாவின் இடது முழங்கை இன்னமும் முழுசாக நீளாது. போன ஆவணியில் கட்டிய புடவையோடு அப்பன் வீட்டுக்கு வந்தாள். நாலு வயது மகள் கோகிலவாணியை மட்டும் அவர்கள் வாசல் தாண்ட விடவில்லை.

பஞ்சாயத்து கூடியது. மாப்பிள்ளையின் பெரியப்பா நாராயணசாமி எதிர்க்கட்சி. அவரோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி சின்னதுரை ஒரு ஒப்பந்தத்தை முடித்தார். ஸ்பெயினில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மகள் எழுதிப் போட்டிருக்கிறாள். மாசிக்குள் உத்தரவு வந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையையும் கொடுத்து, மணவிலகலுக்கும் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அவள் பேசாமல் புருஷன் வீடு திரும்ப வேண்டும். இவள் எங்கே போய்க் கிழிக்கப்போகிறாள் என்ற தைரியத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதம் வாங்கிவிட்டேன் என்று சின்னதுரை மீசையைத் தடவிக்கொண்டே வீடு வந்தார்.

அவளுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்: அந்த பாஷையில் வாய்மொழித் தேர்வு. ஆஸ்பத்திரி ஷிஃப்டு முடிந்து வந்து ஜெயசுதா விடியற்காலையில் படிப்பாள். எல்லாச் சொல்லும் வசப்பட்டது. 'ஈர்' என்ற ஒன்றுதான் கயிற்றுக்கு அடங்கவில்லை. அர்த்தம் என்னவோ 'போவது'தான். ஆனால் நான் போகிறேன் என்றால் 'வோய்', நான் போனேன் என்றால் 'ஃபுய்', முன்பெல்லாம் போவேன் என்றால் 'இபா', இனிமேல் போவேன் என்றால் 'இரே'.

மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த சின்னதுரை கேட்டுவிட்டு வந்தார். "இன்னாமா இது? தாய்க்கும் கன்னுக்கும் சாடையே இல்ல? நாலும் நாலு மந்தையிலேர்ந்து ஓட்டிகினு வந்த மாதிரி கீது."

"அப்படித்தாம்பா. ஒழுங்கு இல்லாத சொல்லுன்னே அதுக்குப் பேரு."

"சுழி சுத்தமில்லன்னு சொல்லு. அந்த மாதிரி மாட்ட நாங்க எத்தினி வித்திருப்போம்! கையக் குடு."

சந்தையில் தரகர் விலையை வாயால் சொல்வதில்லை. கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சின்னதுரை தன் துண்டை மகளின் கைமேல் போட்டார். கட்டைவிரல் நான், ஆள்காட்டி நீ, நடுவிரல் அவன், மோதிர விரல் நாங்கள், சுண்டு விரல் நீங்கள், மணிக்கட்டு அவர்கள். நகத்தைத் தொட்டால் போகிறது, மேல் கணு போனது, கீழ்க் கணு முன்பெல்லாம் போய்க்கொண்டிருந்தது, விரலின் அடி இனிமேல் போகப்போவது. மணிக்கட்டுக்கு மட்டும் எத்தனை தட்டு என்பதுதான் காலக் கணக்கு. பத்தே நாளில் சொல் வழிக்கு வந்தது. அவர் எங்கே அழுத்தினாலும் மகள் பட்டென்று சொன்னாள். ஒருநாள் அவர் வேண்டுமென்றே உள்ளங்கையைக் கிள்ள, "அது ஆளே இல்லபா, மாடு!" என்று சிரித்தாள். கை ஒடிந்து வந்த பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

தேர்வு தை மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற நிர்மலாவிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பில். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும், மேசைக்கு அடியையும்கூட கேமராவுக்குக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, நீ தெருமுனை டீக்கடையில போய் உக்காரு. முடிஞ்சதும் நான் கூப்புடறேன்."

"போறேன் போறேன். நான் இன்னா கொழந்தையா?"

டீக்கடை வரை போனார். டீ சொன்னார். டீ வருவதற்குள் எழுந்து, பின்பக்கமாகச் சுற்றி, சமையல்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு பேரம் நடக்கும்போது வெளியே நிற்பது அவர் பிறவியிலேயே இல்லை.

நடுவில் ஒரு திரைச்சீலைதான். உள்ளே லேப்டாப்பிலிருந்து, தேர்வு வைக்கிற அம்மாவின் குரல் கேட்டது. ஜெயசுதா தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள். அர்த்தம் புரியாவிட்டாலும் அந்தப் பேச்சின் நடை சின்னதுரைக்குப் புரிந்தது. இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கி, இணக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடையில் ஒரு 'வாமோஸ்' காதில் விழுந்தது. மோதிர விரல் நகம் என்று அவர் விரல் தானாக அசைந்தது. பிறகு ஒரு 'ஃபுவே'; நடுவிரல், மேல் கணு. சபாஷ் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தம்மா அடுத்ததாக என்னவோ கேட்டாள். ஜெயசுதா பேசவில்லை.

சின்னதுரை மனசுக்குள் எண்ணினார். சந்தையில் மூன்று எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் ஆள் தயங்குகிறான் என்று அர்த்தம். ஐந்து தாண்டினால் வியாபாரம் கைநழுவுகிறது. ஏழு தாண்டியும் சத்தமில்லை. கேள்வியில் 'இபாஸ்' என்று வந்தது அவர் காதில் பட்டிருந்தது. நீ முன்பெல்லாம் எங்கே போவாய் என்று கேட்டால் நான் என்றுதானே பதில்? கட்டைவிரல், கீழ்க் கணு. மறந்துவிட்டாளா?

திரைச்சீலைக்குக் கீழே நுழைந்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் போனார். கேமராவுக்குத் தெரியாத பக்கம் பார்த்துத்தான் போனார். மகளின் வலது கை மேசைக்குப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் விரலைப் பிடித்து அழுத்தியிருந்தால் அந்த ஸ்பெயின் தேசத்துக்குத் தெரிந்திருக்காது. ஆனால் துண்டு போடாமல் ஒரு கையைத் தொட்டு அவருக்குப் பழக்கமில்லை. தோளிலிருந்து உருவி வீசினார். வெள்ளைத் துண்டு விசிறி மாதிரி விரிந்து மேசைவிளிம்பு வரைக்கும் எழும்பி இறங்கியது.

ஜெயசுதா தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள்.

லேப்டாப் திரையில் அந்தம்மாவின் முகம் மாறியது. இங்கிலீஷில் கேட்டாள். அறையில் யார் என்று கேட்கிறாள் என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஒளிவதில் இனிமேல் லாபமில்லை என்று சின்னதுரை எழுந்து நின்று, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தப்பு எம்மேலதாம்மா. பொண்ணு சுத்தம். வேணும்னா அந்த ஒரு கேள்விய தள்ளிடுங்க, மிச்சத்துக்கு மார்க்கு போடுங்க. இல்லன்னா இன்னும் நாலு கேள்வி ஜாஸ்தியா கேளுங்க, நான் ரோட்டுல போய் நிக்கிறேன். சுதா, சொல்லுமா அந்தம்மாவாண்ட."

ஜெயசுதா சொல்லவில்லை. முரண்டு பிடித்த எத்தனையோ ஆட்களை அவர் கையைப் பிடித்தே மடக்கியிருக்கிறார். இங்கே பிடிக்க ஒரு கை இல்லை. லேப்டாப் கண்ணாடிக்குள் ஒரு முகம் மட்டும் இருந்தது. அதுவும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அணைந்துபோனது.

மறுநாள் மெயில் வந்தது. தேர்வு ரத்து. ஒரு வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது.

இரண்டு நாள் அவள் வழக்கம்போல ஷிஃப்டுக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் சின்னதுரையே வாயைத் திறந்தார்.

"மறந்துட்டியோன்னு பயந்துட்டேம்மா. அத்தினி நேரம் நின்னுட்டியே."

"மறக்கலப்பா." அவள் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுல லீவு நாள்ல எங்க போவேன்னு கேட்டாங்க. உங்கூட மாடு புடிக்க கரியாலூருக்கு மலையேறுவேனே, அதச் சொல்லலாமா, அந்தம்மாவுக்குப் புரியுமான்னு யோசிச்சிகினு இருந்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன்."

அவ்வளவு பெரிய நஷ்டத்தை யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று சின்னதுரையின் பழகிய மூளை தேடிப் பார்த்தது. ஆள் அகப்படவில்லை.

மாசி பிறந்ததும் மணலூர்பேட்டைக்குப் போனார். நாராயணசாமி நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, எல்லா மரியாதையும் செய்தார்.

"சம்மந்தி, இன்னும் ஒரே ஒரு வருசம் டைம் குடுங்க. திரும்ப எழுதுனா பாஸ் ஆயிடும்."

"ஒரு வருசமா?" நாராயணசாமி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்போமே. ரெண்டு வருசம் கேப்பீங்கன்னுதான் நாங்க பேசிகினு வந்தோம். நீங்களே ஆறு மாசம் போதும்னு முடிச்சிட்டீங்க. இப்ப ஊர்ல சொல்லியாச்சி. வார்த்தைன்னா வார்த்தைதானுங்களே?"

சின்னதுரை மோரைக் குடித்து முடித்தார். வாங்கியதைக் குடிக்காமல் வைப்பது மரியாதையில்லை.

"வெள்ளிக்கெழம அனுப்பி வைக்கிறேனுங்க."

வாசலில் கோகிலவாணி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, அம்மா வருதா?"

"வருது."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

பிள்ளை கூவிக்கொண்டே களத்துப் பக்கம் ஓடியது. அங்கே சிவசங்கர் டிராக்டர் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். "அம்மா வருதாம்! வெள்ளிக்கெழம அம்மா வருதாம்!"

அவன் குழாயை மூடினான். நிமிர்ந்து மாமனாரைப் பார்த்து, ஈரக் கையை லுங்கியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, "வரட்டும்" என்றான்.