பெர்தா கிளெக் தப்பான ஆளை அடித்த நாள்

வட இங்கிலாந்தில், பர்ன்லி ஊரில் அக்டோபர் பிறந்தால் நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டு மேலே பலகை அடித்துவிடுவார்கள். அப்புறம் மார்ச் வரைக்கும் அங்கே யாரும் நீந்த முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய் மாலை ஏழரைக்கு மல்யுத்தம். நடுவில் கயிறு கட்டிய மேடை, சுற்றிலும் ஆயிரம் நாற்காலி. குளத்து மருந்து வாடை சுவரை விட்டுப் போயிருக்காது. அதோடு ஈரக் கோட்டு வாடையும் பைப் புகையும் சேர்ந்துகொள்ளும்.

பெர்தா கிளெக்கின் நாற்காலி முதல் வரிசையில், மேடையின் ஒரு மூலைக் கம்பத்துக்குப் பக்கத்தில். பதினாறு வருடமாக அதே இடம். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. நெசவாலையில் ஆறு தறி பார்க்கிறவள். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். கெட்டவனாக ஆடும் மல்லன் எவனாவது கயிற்றோரம் வந்து நின்று சனங்களை ஏசினால், அவன் பின்புறத்தில் அந்தக் குடை விழும். அவள் வலிக்காத இடமாகப் பார்த்து அடிப்பாள். அவன் உயிரே போனதுபோல் அலறுவான். மண்டபம் கூரை பறக்கச் சிரிக்கும்.

1966-ஆம் வருடம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மகள் மேவிஸுக்குச் சளிக் காய்ச்சல். அவளுடைய சீட்டு வீணாகக் கூடாதென்று மருமகன் டிரெவர் துணைக்கு வந்தான். டிரெவர் தெற்கத்தி ஆள், காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். கோட்டு நுனி தரையில் படாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது பூரா நடிப்புன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"வாயில மிட்டாயப் போடு," என்று பெர்தா புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன்."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். போடு."

அவளுக்குத் தெரியாததா! தறிக்கூடத்தில் முந்நூறு தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிற பெண்கள் சத்தம் போட்டுப் பார்ப்பதில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அப்படி நாற்பது வருடம் பழகின கண்ணுக்கு மேடையில் என்ன நடக்கிறதென்று புரியாமல் போகுமா? ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்துக்கொண்டிருக்கும்போதே "இடப்பக்கம்", "மெதுவா, முட்டி சரியில்ல", "இப்ப விழு" என்று அவர்கள் பேசிக்கொள்வதை அவள் பதினாறு வருடமாகப் பார்த்து வருகிறாள். ஒரு தடவை கழுத்துப் பூட்டில் மாட்டி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தவன், "முடிஞ்சதும் மீன் வறுவல் கடை திறந்திருக்குமா?" என்று கேட்டான். பெர்தா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து காலணி வாரைக் கட்டினாள். முதல் வரிசையில் பாதிப் பேர் நெசவாலைக்காரிகள்தான். எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொன்னது கிடையாது.

மூன்றாவது ஆட்டம் கர்னல் பிராக்டருக்கும் டெரெக் ஹிண்டிலுக்கும். கர்னல் என்பது மேடைப் பெயர். ஆள் பட்டாளத்தில் சமையல்கூடத்தைத் தாண்டியதில்லை. நிஜப் பெயர் வில்ஃப் டக்வொர்த், லீ ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். வயது நாற்பத்தாறு. முறுக்கின மீசை, சிவப்புக் கோட்டு, கக்கத்தில் பிரம்பு. மேடையேறியதும் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "எந்திரிச்சு நில்லுங்கடா, சோம்பேறிக் கழுதைங்களா! அதிகாரி வந்திருக்கேன்!" என்றார்.

அவ்வளவுதான். ஆயிரம் பேரும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள்கூட உட்கார இடம் தேடினார்கள்.

"ஏய் மீசை! உங்காத்தா கோட்டைத் திருப்பிக் குடுடா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

டிரெவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. 

ஹிண்டில் உள்ளூர்ப் பையன், இருபத்து மூன்று வயது. வெள்ளைக் கால்சட்டை, வாரிவிட்ட தலை. ஐந்து நிமிடச் சுற்று ஆறு. இரண்டு தடவை எதிராளியை வீழ்த்துகிறவனுக்கு வெற்றி. முதல் சுற்றில் கர்னல் அவன் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தார். ஹிண்டில் முன்னால் ஒரு கரணம், பின்னால் ஒரு கரணம், தலையை ஊன்றி ஒரு துள்ளல், பிடி அவிழ்ந்தது. இப்போது கர்னலின் மணிக்கட்டு அவன் கையில். எங்கே பிரிந்தது, எங்கே மாறியது என்று டிரெவருக்குப் பிடிபடவில்லை.

"எப்படி வெளிய வந்தான்?"

"பெரியவர் விட்டுக்குடுத்தாரு. ஆனா விட்ட மாதிரி தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரியல."

"அதுக்குத்தான் காசு குடுத்து வர்றோம்."

இரண்டாம் சுற்றில் ஹிண்டில் ஒரு தடவை வீழ்த்தினான். நான்காம் சுற்றில் நடுவர் லோமாக்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கர்னல் அவன் கண்ணில் கட்டைவிரலை வைத்தார். வைத்ததுபோலக் காட்டினார். லோமாக்ஸ் அதைப் பார்க்காமலே இருப்பதிலும் ஒரு திறமை உண்டு. கர்னலுக்கு ஒரு வீழ்த்தல், ஒரு பகிரங்க எச்சரிக்கை. "பாத்தீரா யோவ் குருட்டு நடுவரே!" என்று மண்டபம் எழுந்து நின்றது. பெர்தா முறைப்படி எழுந்து குடையால் ஒன்று வைத்தாள். கர்னல் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார்.

ஐந்தாம் சுற்றில் ஹிண்டில் அவரைக் கயிற்றில் வீசி, திரும்பி வந்தவரை முதுகுக்கு மேலே தூக்கிப் போட்டான். எத்தனையோ தடவை அப்படி விழுந்தவர்தான் அவர். விழும்போது இரண்டு கையாலும் பலகையை அறைவார். அந்த அறைதான் சத்தம். அடி எல்லாம் அதிலேயே போய்விடும். அப்புறம் காலை உதைப்பார், மீசையைப் பிடித்துக்கொண்டு ஊளையிடுவார்.

இந்தத் தடவை அறை விழவில்லை. தோளும் பிடரியும் முதலில் போய் இடித்தன. 'தொப்' என்று ஒரு மொட்டைச் சத்தம். ஊளையும் இல்லை.

பெர்தா மிட்டாய் மெல்வதை நிறுத்தினாள்.

கர்னல் மெல்ல உருண்டு, அவள் மூலைப் பக்கமாக முழங்காலில் எழுந்தார். வலது கை பக்கத்தில் தொங்கியது. முகம் ஒன்றும் காட்டவில்லை. வலியைக் காட்டிப் பிழைக்கிற மனிதர். நிஜ வலி வந்தபோது முகம் சும்மா கிடந்தது. உதடு மட்டும் அசைந்தது. "டெரெக். கை இல்ல. எனக்குக் கையே இல்ல. நிறுத்து."

டெரெக் ஹிண்டிலுக்குக் கேட்கவில்லை. அவன் அவருக்கு முதுகைக் காட்டி இரண்டு கையையும் உயர்த்திக் கூட்டத்தைத் தூண்டிக்கொண்டிருந்தான். அடுத்து வருவது அவனுடைய பெயர்பெற்ற பிடி: ஆளைத் தலைகீழாகத் தூக்கி, தலை கீழே வர அப்படியே இறக்குவது. ஆயிரம் பேரும் அதைத்தான் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். லோமாக்ஸ் எதிர்ப்பக்கம், கயிற்றில் ஏறப்பார்த்த ஒருவனை இறக்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று பெர்தா கத்தினாள். "அவருக்கு அடிபட்டிருக்கு!"

"நல்லா வேணும்!" என்றான் பின்னால் இருந்தவன்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு மேடை விளிம்பில் முழங்காலை வைத்தாள். வாதம் பிடித்த முழங்கால் அது. டிரெவர் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். "அத்தை! என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க!"

"விடுடா!"

கயிற்றுக்கு உள்ளே நுழைந்து நிமிர்ந்தாள். ஹிண்டில் கர்னலின் இடுப்பைக் கட்டிக் குனிந்திருந்தான். அவர் கால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியிருந்தது. பெர்தா அந்தப் பையனின் முதுகில், சட்டையில்லாத முதுகில், ஓங்கி ஒன்று போட்டாள். இந்தத் தடவை வலிக்காத இடம் பார்க்கவில்லை.

அவன் கர்னலை விட்டுவிட்டுத் துள்ளித் திரும்பினான். மண்டபம் அப்படியே அடங்கியது. பெர்தா கிளெக் ஹிண்டிலை அடித்துவிட்டாள், நல்ல பையனை!

"பெர்தாம்மா?" என்றான் அவன். அவன் தாயும் தறிக்காரிதான், ஆலையில் பெர்தாவுக்கு இரண்டு வரிசை தள்ளி நிற்கிறவள்; உதட்டுப் பேச்சு அவனுக்கும் பழக்கம். அதனால் பெர்தா குரலே எழுப்பவில்லை. உதட்டால் மட்டும் சொன்னாள்: "அவருக்குக் கழுத்து போயிடுச்சுடா. தொடாத. லோமாக்ஸக் கூப்பிடு."

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் மேடையில் வளர்ந்த பிள்ளை. இடுப்பில் கைவைத்து, "இந்தம்மாவ வெளிய அனுப்புங்க!" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினான். பக்கத்தில் வந்தவர் காதில் இரண்டு வார்த்தை சொன்னான். லோமாக்ஸ் கர்னலை ஒரு தடவை பார்த்தார், மணியடிக்கச் சொல்லிக் கையசைத்தார்.

அறிவிப்பாளர், "பார்வையாளர் குறுக்கிட்டதால் ஆட்டம் முடிவில்லாமல் நிறுத்தப்படுகிறது," என்றார்.

அப்போதுதான் கூச்சல் எழுந்தது. ஆயிரம் பேரின் வசவும் தன் ஒருத்தி மேலே விழுவது எப்படி இருக்கும் என்று பெர்தாவுக்கு அதுவரை தெரியாது. அது நெஞ்சில் வந்து இடித்தது. ஆரஞ்சுத் தோல் ஒன்று தொப்பியில் பட்டுத் தெறித்தது. "கிழவி, உனக்கு எவ்வளவு குடுத்தான்?" என்று யாரோ கேட்டார்கள். கீழே இறங்கிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்தவள், பின்னால் பார்த்தாள். முதலுதவிக்காரர்கள் இருவர் தூக்குப்படுக்கையோடு வந்திருந்தார்கள். கர்னலின் தலையை இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரோ பிறர் பார்க்கக் கூடாத முகத்தோடு கிடந்தார். மீசையின் ஒரு பக்கம் முறுக்கு அவிழ்ந்து தொங்கியது.

பெர்தா கயிற்றை விட்டுவிட்டு மேடையின் அடுத்த முனைக்கு நடந்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முகவாயைத் தூக்கினாள்.

"என்னடா பாக்கறீங்க? உக்காருங்கடா!" என்றாள்.

மண்டபம் வெடித்தது. அவள் முதல் வரிசையில் ஒருவனைப் பார்த்துக் குடையை நீட்டினாள், இன்னொருவனுக்குப் பழிப்புக் காட்டினாள். எல்லாக் கண்ணும் அவள் மேல். மேடையின் மறுமுனையில் கர்னலை இறக்கிப் பக்கத்துக் கதவு வழியாகத் தூக்கிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. கதவு மூடிய பிறகுதான் இறங்கினாள். முழங்கால் மடங்கவில்லை, டிரெவர் தாங்கிக்கொண்டான்.

அவன் அவளைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றினான். பாதி வழியில், "அது நிஜ அடிதானே?" என்றான்.

"ஆமா."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் வேலை," என்றாள் பெர்தா. "ராத்திரிக்கு ராத்திரி அறுபது தடவை விழறாரு, யாருக்கும் ஒண்ணும் ஆகாம. அதப் பாக்கத்தான் நான் போறேன்."

கழுத்தில் இரண்டு எலும்பு விண்டிருந்தது. இன்னொரு தடவை தலை இடித்திருந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை பெர்தா உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட ரொட்டியும் திராட்சையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண்கள் பிரிவில் இருபது படுக்கை. கர்னல் தாடை வரைக்கும் மாவுக்கட்டோடு கூரையைப் பார்த்துக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி, சின்ன உருவம், கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

பெர்தா கட்டிலருகே வந்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

"யாருய்யா இந்தக் கிழவிய உள்ள விட்டது?" என்றார் கர்னல், மாவுக்கட்டுக்குள்ளிருந்து. "காவலாளி தூங்கறானா?"

"சாகக் கிடக்கறியே, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள் பெர்தா.

"சாக மாட்டேன். உனக்கு அந்த சந்தோஷத்தக் குடுக்க மாட்டேன்."

"உருளைக்கிழங்கு ரொட்டி கொண்டாந்திருக்கேன். தொண்டையில சிக்கட்டும்."

இருபது கட்டிலும் சிரிப்பில் குலுங்கின. பெர்தா இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் நின்று இன்னும் நாலு வசவு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். நடைபாதையில் திருமதி டக்வொர்த் பின்னாலேயே ஓடிவந்தாள். பெர்தாவின் கையைப் பிடித்தாள், பிடித்த கையை விடவில்லை. 

"கை அசையுதா?" என்று பெர்தாதான் கேட்டாள்.

"மூணு விரல். நேத்துலேர்ந்து."

"மத்ததும் வந்துரும்."

வந்தது. ஆனால் வில்ஃப் டக்வொர்த் அப்புறம் மேடை ஏறவில்லை. வசந்தத்திலிருந்து ஒரு ரொட்டிக்கடைக்கு வண்டி ஓட்டினார். ஹிண்டில் ஒரு மாதம் ஆடவில்லை, பிறகு ஆடினான். அந்தப் பெயர்பெற்ற பிடியை மட்டும் விட்டுவிட்டான். பெர்தாவுக்கு இரண்டு ஆட்டத்துக்கு மண்டபத்தில் தடை என்று ஏற்பாட்டாளர் மேடையிலேயே அறிவித்தார். சனங்கள் கைதட்டினார்கள். அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று முந்தின நாளே அவர் அவள் வீட்டுக்கு வந்து கலந்துபேசிவிட்டுப் போயிருந்தார்.

தடை இருந்த அந்த மாதம் சனிக்கிழமை நான்கு மணிக்கு, மல்யுத்தம் காட்டும் நேரம், அவள் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் டிரெவர் வந்து உட்கார்ந்தான். மேவிஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தை, இப்ப எவன் சொல்லி எவன் விழுந்தான்?"

"பேசாம பாரு," என்றாள் பெர்தா. "அந்த ஒல்லிப் பையன் காலைப் பாரு, காலை. எவ்வளவு அழகா ஊனுறான்!"